மூன்று படங்களை ஒன்றாக்குவது

பழைய கலர் டிவி ஒன்றின் பின்பலகைத் திருகுகளைக் கழற்றித் திருப்பிப் பார்த்தபோது, அதன் உள்பக்கம் பென்சிலில் சில வரிகள் இருந்தன. ஒரு தேதி, பக்கத்தில் ஒரு வால்வு எண். டிரான்சிஸ்டருக்கு முந்தைய செட்டுகளை ஓட்டிய கண்ணாடிக் குழாய்தான் வால்வு. கீழே இன்னொரு தேதி, இன்னொரு எண். 1963இல் தொடங்கி 1969இல் நின்றிருந்த ஏழு வரிகள். எல்லாம் ஒரே கையெழுத்து. இரண்டு வரிகளில் மட்டும் வால்வு எண் இல்லை. மூன்று நிறப் படங்களை ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்க்கும் வேலையான கன்வர்ஜென்ஸ் என்பதன் சுருக்கம் மட்டும் எழுதியிருந்தது. அந்த இரண்டு வரிகளை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். எந்தப் பாகமும் கெடவில்லை, எதையும் மாற்றவில்லை. படத்தைச் சரியாக நிறுத்துவதற்காகவே ஒருவர் இரண்டு முறை வந்து போயிருக்கிறார்.

வால்வு கலர் டிவியைப் பற்றி யார் கேட்டாலும் நான் இதைத்தான் முதலில் சொல்கிறேன். அது தொழிற்சாலையிலேயே வேலை முடிந்துவிட்ட பொருள் கிடையாது. அங்கே பாகங்களைப் பூட்டி, ஓரளவு சரிபார்த்து அனுப்பினார்கள். படம் முழுமையானது அது நிற்கும் அறையில்தான், கண்ணும் பொறுமையும் உள்ள ஒருவரின் கையால். பழைய செட்டுக்கு உயிர் கொடுக்கிறேன் என்று உட்காருகிறவர் அந்த மனிதர் விட்ட இடத்திலிருந்து தொடர்கிறார்.

இது ஏன் இப்படி என்று தெரிய, படத்தைக் காட்டும் பெரிய கண்ணாடிக் குழாயான பிக்சர் டியூபைப் புரிந்துகொள்ள வேண்டும். அதன் கழுத்துக்குள் மூன்று எலக்ட்ரான் துப்பாக்கிகள் முக்கோணமாக நிற்கின்றன. சிவப்புத் துப்பாக்கி, பச்சைத் துப்பாக்கி, நீலத் துப்பாக்கி என்று பெயர் சொல்கிறோமே தவிர, அவற்றுக்கு நிறமே கிடையாது. மூன்றிலிருந்தும் புறப்படுவது ஒரே மாதிரியான எலக்ட்ரான்தான். முன்கண்ணாடியின் உள்பக்கம் மும்மூன்றாகப் பதிந்திருக்கும், எலக்ட்ரான் பட்டால் ஒளிரும் பாஸ்பர் புள்ளிகளில் அது எதன்மேல் விழுகிறதோ, அதுவே நிறம். புள்ளிகளுக்குச் சற்றுப் பின்னால் ஷேடோ மாஸ்க் என்கிற மெல்லிய இரும்புத் தகடு. 21 அங்குலக் குழாயில் அதற்குச் சுமார் மூன்றரை லட்சம் துளைகள். ஒவ்வொரு துளையிலும் மூன்று கற்றைகள் மூன்று கோணங்களில் நுழைந்து, தத்தம் புள்ளியை மட்டும் தொட்டாக வேண்டும். ஒரு மயிரிழை விலகினால் சிவப்புக்குப் போக வேண்டியது பச்சையில் விழும்.

இத்தனை நுணுக்கமான குறியை எப்படிப் பதித்தார்கள் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மலைப்பாக இருக்கிறது. அமெரிக்க டிவி நிறுவனமான ஆர்சிஏவில் வேலை பார்த்த ஹெரால்ட் லா அதற்கொரு வழி கண்டார். எலக்ட்ரான் கற்றை எந்தப் புள்ளியிலிருந்து வளைந்து வருமோ, அங்கே ஒரு விளக்கை வைத்தார். தகட்டின் துளைகள் வழியாகவே ஒளியைப் பாய்ச்சி, போட்டோ பிடிப்பதுபோல் புள்ளிகளைத் திரையில் பதியவைத்தார். ஆகவே ஒரு குழாயின் தகடு அந்தக் குழாயின் திரைக்கு மட்டுமே பொருந்தும். இன்னொன்றுக்குப் பொருந்தாது.

இந்தத் தகட்டால் ஒரு நஷ்டமும் உண்டு. புறப்பட்ட எலக்ட்ரான்களில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் அதிலேயே மோதி வீணாகிவிடும். மிச்சத்தை வைத்துப் பிரகாசமான படம் வேண்டுமென்றால் வோல்டேஜை ஏற்றத்தான் வேண்டும். கலர் செட்டுகள் 25,000 வோல்ட்டை ஒட்டி ஓடியதற்கு இது ஒரு பெரிய காரணம்.

1953 டிசம்பர் 17 அன்று அமெரிக்காவின் தகவல்தொடர்பு ஆணையமான எஃப்சிசி என்டிஎஸ்சி கலர் முறைக்கு அனுமதி கொடுத்தது. 1954 ஜனவரி 1 அன்று ரோஸ் பரேட் ஊர்வலம் கலரில் ஒளிபரப்பானது. அந்த மார்ச் மாதம் ஆர்சிஏவின் சிடி-100 கலர் செட் உற்பத்தி தொடங்கியது. 15 அங்குலக் குழாய், 36 வால்வுகள், விலை 1,000 டாலர். இன்று மிஞ்சியிருக்கும் சிடி-100களில் பலவற்றின் சிக்கல் அந்த 15ஜிபி22 குழாய்தான். கண்ணாடியும் உலோகமும் சேரும் இடத்தில் காற்று மெல்லக் கசிந்து, ஒருமுறைகூட எரியாமலே இறந்துபோன குழாய்கள் உண்டு. குழாயைத் திறந்து புதுத் துப்பாக்கி வைத்துத் தந்த பட்டறைகளும் ஒவ்வொன்றாக மூடிவிட்டன. ஒகையோ மாநிலம் ஹில்லியார்டில் உள்ள எர்லி டெலிவிஷன் மியூசியம் அப்படி மூடிய ஒரு பட்டறையின் கருவிகளை எடுத்துக் காத்து வைத்திருக்கிறது. அதைக் கேள்விப்பட்ட நாளில் எனக்கு ஏற்பட்ட நிம்மதி கொஞ்சமல்ல.

அந்தப் பொறியாளர்கள் முன்னால் இருந்த நிபந்தனையையும் சொல்ல வேண்டும். வீடுகளில் ஏற்கெனவே இருக்கும் கறுப்பு வெள்ளை செட் எதுவும் வீணாகக் கூடாது. அதே ஒளிபரப்பு அதிலும் தெரிய வேண்டும். ஆக, கலரைக் கறுப்பு வெள்ளைக்குள்ளேயே ஒளித்துவைக்க வேண்டும். திரையில் கற்றை இழுக்கும் வரிகள் வினாடிக்கு 15,750 என்றிருந்ததைச் சுமார் 15,734 ஆகக் குறைத்தார்கள். பட அலைக்கும் ஒலி அலைக்கும் உள்ள இடைவெளியான 45 லட்சம் ஹெர்ட்ஸை 286ஆல் வகுத்தால் வரும் எண் அது. அதை 227.5ஆல் பெருக்கினால் 35,79,545. கலரைச் சுமக்கும் துணை அலையின் அதிர்வெண் இதுதான். சூட்சுமம் முழுக்க அந்தக் கடைசி அரையில் இருக்கிறது. ஒரு வரியில் கலர் அலை வெளிச்சப் புள்ளியாக விழும் இடத்துக்கு நேர் கீழே அடுத்த வரியில் இருட்டாக விழும். கண் இரண்டையும் சேர்த்துப் பார்த்து, அங்கே எதுவுமே இல்லை என்று எடுத்துக்கொள்ளும். ஒவ்வொரு வரியின் தொடக்கத்திலும் பர்ஸ்ட் என்ற சிறு துணுக்கு, எட்டு ஒன்பது அலைகள் மட்டும் வரும். செட்டுக்குள் இருக்கும் கிரிஸ்டல் அதைக் கேட்டுத் தன் தாளத்தைச் சரிசெய்துகொள்ளும். என் செட்டில் இருந்தது பழைய கிரிஸ்டலேதான். அறுபது ஆண்டு கழித்தும் அது பர்ஸ்ட்டைப் பிடித்துக்கொண்டது.

சரி, என் செட்டுக்கு வருகிறேன். 1960களின் தொடக்கத்தில் வந்த அமெரிக்க செட், 21 அங்குல வட்டத்திரை, மர கேபினட். கிடைத்ததும் பிளக்கைச் செருகிப் பார்க்கும் ஆசை எல்லோருக்கும் வரும். அதை அடக்குவதுதான் முதல் வேலை.

ஏன் என்றால், திரையில் வரிகளை இழுக்கும் லைன் அவுட்புட் வால்வின் கிரிட்டுக்கு, அதாவது மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் வலைக்கு, எதிர்மறை வோல்டேஜ் வேண்டும். அதைத் தனியாக யாரும் தருவதில்லை. முன்னால் இருக்கும், அலையை உண்டாக்கும் ஆசிலேட்டரிலிருந்து வருவதைக் கொண்டே அது உருவாகிறது. நடுவில், அலையைக் கடத்தி டிசியைத் தடுக்கும் ஒரு கப்ளிங் கண்டென்சர். அந்தக் காலத்துக் காகிதக் கண்டென்சர்கள் வயதானால் ஈரம் குடித்து டிசி வோல்டேஜைக் கசியவிடும். சில வோல்ட் நேர்மறை கிரிட்டில் வந்து உட்கார்ந்தால் போதும், வால்வு வரம்பு மீறி மின்னோட்டத்தை இழுக்கத் தொடங்கும். பிளேட் செந்தழலாகும். ஒரு நிமிடம் அப்படியே விட்டால், உயர் வோல்டேஜைத் தரும் ஃப்ளைபேக் டிரான்ஸ்ஃபார்மர் உருகும். வால்வு போனால் இன்றும் தேடிப் பிடிக்கலாம். அந்த மாடலுக்கான ஃப்ளைபேக் போனால், இன்னொரு செட்டைக் கொன்றுதான் எடுக்க வேண்டும். ஒரு சிறு காகிதச் சுருளை நம்பி அதைப் பணயம் வைக்க எனக்கு மனமில்லை.

ஆகவே முதலில் கண்ணால் பார்த்தேன். பிக்சர் டியூபின் கழுத்தில் மிஞ்சிய காற்றை உறிஞ்சுவதற்கென்று வெள்ளிபோல் பளபளக்கும் கெட்டர் பூச்சு இருக்கும். அது பால் வெள்ளையாக மாறியிருந்தால் உள்ளே காற்று புகுந்துவிட்டது, மேற்கொண்டு எதுவும் செய்வதற்கில்லை. என்னுடையது பளிச்சென்று இருந்தது. அப்புறம் டியூப் டெஸ்டரில் மூன்று துப்பாக்கிகளையும் சோதித்தேன். பச்சையும் நீலமும் நன்றாக இருந்தன. சிவப்பு மந்தம், முள் பாதிக்குக் கீழேயே நின்றது. அதிக வோல்டேஜ் கொடுத்து மந்தமான துப்பாக்கியை எழுப்பும் கருவிகள் இருக்கின்றன. சில குழாய்கள் அதில் எழும், சில அதோடு முடிந்துபோகும். நான் அதைத் தொடவில்லை. வெகுகாலம் சும்மா கிடந்த குழாய், ஃபிலமென்ட் சூட்டிலேயே பல மணி நேரம் ஓடினால் தானாகத் தேறுவதும் உண்டு. அதற்கு வாய்ப்புக் கொடுத்துப் பார்க்கலாம் என்று விட்டுவைத்தேன்.

காகிதக் கண்டென்சர்கள் 42 இருந்தன. எல்லாவற்றையும் மாற்றினேன், ஒரே மூச்சில் அல்ல. ஐந்தாறு மாற்றுவேன், சர்க்யூட் படத்தில் அவற்றைப் பென்சிலால் அடித்துவிடுவேன், மறுநாள் புதுக் கண்ணோடு சரிபார்ப்பேன். ஐம்பது பாகத்தை ஒரே நாளில் மாற்றிவிட்டு, எங்கோ ஒரு கம்பியைத் தப்பாகப் பற்றவைத்துவிட்டால், அதைத் தேட ஒரு வாரம் போகும். செராமிக், மைக்கா வகைகளைப் பெரும்பாலும் தொட வேண்டியதில்லை. எலக்ட்ரோலிட்டிக் கண்டென்சர் கேன்களை மாற்றினேன். கார்பன் ரெசிஸ்டர்கள் வயதானால் மதிப்பு ஏறும் பழக்கம் உள்ளவை. 1 மெகோம் என்று வண்ணக்கோடு சொல்லும், மீட்டர் 1.4 காட்டும். படத்தின் உயரம் குறைந்து, மேலும் கீழும் கறுப்புப் பட்டை தெரிந்தால் பெரும்பாலும் இப்படி ஏறிப்போன ஏதோ ஒரு ரெசிஸ்டர்தான் காரணமாக இருக்கும். வரும் சிக்னலை வடிகட்டும் ஐஎஃப் டிரான்ஸ்ஃபார்மர்களின் திருகுகளை மட்டும் சரியான கருவி கையில் இல்லாமல் யாரும் திருப்பக் கூடாது என்பேன். அவை கெட்டுப்போவது அரிது. கெடுப்பது எப்போதும் மனிதக் கைதான்.

திரையில் இன்னொரு வியாதி இருந்தது. அந்தக் காலத்துப் பல குழாய்களின் முகத்தில் பாதுகாப்புக் கண்ணாடி ஒன்றைப் பசை வைத்து ஒட்டியிருப்பார்கள். பசை விளிம்பிலிருந்து கெட்டுக் கொப்பளமாகவும் பூஞ்சை படர்ந்தது போலவும் பரவும். இந்தத் துறையில் இருப்பவர்கள் இதைக் கண்புரை என்றே சொல்கிறார்கள், பொருத்தமான பெயர். கண்ணாடியை மெல்ல, எல்லாப் பக்கமும் சீராகச் சூடாக்கி, மெல்லிய எஃகுக் கம்பியை இடையில் விட்டு இரு பக்கமும் மாறி மாறி இழுத்து அறுத்தெடுக்க வேண்டும். ஓரிடத்தில் மட்டும் சூடேறினால் கண்ணாடி விரியும். உள்ளே வெற்றிடம் இருக்கும் குழாய் உடைந்தால் கண்ணாடிச் சில்லுகள் எங்கும் பறக்கும். முகக் கவசம், தடித்த கையுறை, தடித்த மேலாடை, குழாயின் மீதிப் பகுதிக்குக் கனமான போர்வை. ஒரு முழு நாள் ஆயிற்று. கடைசி மூலை விட்டுக்கொடுத்து, பாதுகாப்புக் கண்ணாடி கைக்கு வந்தபோது, கம்பி பிடித்திருந்த விரல்கள் மடங்கவில்லை. பசையைச் சுரண்டிக் கழுவித் துடைத்த பிறகு, பல ஆண்டு மங்கலுக்குப் பின்னால் இருந்த சாம்பல் நிறத் திரையைச் சுத்தமாகப் பார்த்தேன்.

மின்சாரம் கொடுத்த நாளில் லைன் அவுட்புட் வால்வைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் தொடங்கினேன். வீட்டு மின்சாரத்திலிருந்து செட்டைப் பிரிக்கும் ஐசோலேஷன் டிரான்ஸ்ஃபார்மர், வோல்டேஜை மெல்ல ஏற்ற உதவும் வேரியாக் இரண்டும் நடுவில். ஃபிலமென்ட்கள் ஒவ்வொன்றாக ஒளிர்ந்தன. வால்வுகளை ஓட்டும் டிசியான பி பிளஸ் வோல்டேஜ் வந்தது. ஆஸிலோஸ்கோப்பில் ஆசிலேட்டரின் அலை தெளிவாக நின்றது. அணைத்து, கண்டென்சர்களை டிஸ்சார்ஜ் செய்து, அவுட்புட் வால்வைச் செருகி, அதன் கேத்தோடில் மீட்டரை மாட்டி, மறுபடி ஏற்றினேன். சர்வீஸ் கையேடு சொன்ன அளவு 200 மில்லி ஆம்பியரை ஒட்டியது. மீட்டர் 260 காட்டியது. இதைச் சரிசெய்ய இருக்கும் எஃபிஷியன்சி காயிலை மெல்லத் திருப்பினால் மின்னோட்டம் இறங்கி, ஓரிடத்தில் பள்ளம் தட்டி, மறுபடி ஏறும். அந்தப் பள்ளத்தில் நிறுத்த வேண்டும். 205இல் நின்றது.

உயர் வோல்டேஜ் கூண்டைப் பற்றி ஒரு வார்த்தை. வட்டத்திரைக் காலத்துச் செட்டுகளில் 6பிகே4 என்ற ரெகுலேட்டர் வால்வு பரவலாக இருக்கும். திரை இருட்டாக இருக்கும்போது பிக்சர் டியூப் இழுக்காத மின்னோட்டத்தை இது இழுத்து, வோல்டேஜை ஒரே அளவில் வைத்திருக்கும். 25,000 வோல்ட்டில் எலக்ட்ரான் உலோகத்தில் மோதினால் எக்ஸ்ரே பிறக்கும். 1960களின் பிற்பகுதியில் சில கலர் செட்டுகளிலிருந்து வரம்பு மீறிய எக்ஸ்ரே வெளிவந்தது தெரியவந்து, அமெரிக்காவில் 1968இல் அதற்கென்று சட்டமே வந்தது. செட்டின் வெளிப்பரப்பிலிருந்து 5 சென்டிமீட்டர் தூரத்தில் மணிக்கு 0.5 மில்லி ராஞ்சன் கதிர்வீச்சு என்பது வரம்பாயிற்று. ஆகவே அந்த உலோகக் கூண்டின் கதவு மூடித்தான் இருக்க வேண்டும். படம் இன்னும் பிரகாசமாக வரட்டும் என்று கையேட்டின் அளவைத் தாண்டி வோல்டேஜை ஏற்றுவது பெரிய தவறு. அளக்கும்போது ஒரு கையைப் பைக்குள் வைத்துக்கொள்ளும் பழைய பழக்கத்தையும் நான் விடுவதில்லை.

முதல் வெளிச்சம் பச்சையாக வந்தது. சற்று நேரத்தில் நீலம் சேர்ந்தது. ஐந்து நிமிடத்துக்குமேல் ஆன பிறகே சிவப்பு எட்டிப் பார்த்தது. திரை முழுக்கத் திட்டுத் திட்டாக நிறங்கள், ஒவ்வொரு கோட்டுக்கும் மூன்று கோடுகள். இதைப் பார்த்துச் சிலர் செட் கெட்டுவிட்டது என்று முடிவுகட்டுவார்கள். எனக்கு அன்று சந்தோஷம் தாங்கவில்லை. எல்லாப் பாகமும் வேலை செய்கிறது. பென்சில் கையெழுத்துக்காரர் செய்துவந்த வேலை மட்டும்தான் பாக்கி.

முதலில் டிகாஸிங், அதாவது தகட்டில் ஏறிய காந்தத்தை எடுப்பது. பெரிய வளையக் காயிலை மின்சாரத்தில் இணைத்து, திரைக்கு முன்னால் வட்டம் வட்டமாகச் சுற்றி, சுற்றிக்கொண்டே பத்தடி பின்வாங்கி, காயிலைத் திரைக்குச் செங்குத்தாகத் திருப்பிய பிறகே அணைக்க வேண்டும். பக்கத்தில் இருக்கும்போதே அணைத்தால், எடுத்த காந்தத்தைவிட அதிகமாகத் தகட்டில் பதித்துவிட்டு வருவோம். அடுத்தது பியூரிட்டி, அதாவது ஒவ்வொரு நிறமும் கலப்பில்லாமல் தெரியச் செய்வது. பச்சையையும் நீலத்தையும் அணைத்துச் சிவப்பை மட்டும் விட வேண்டும். பழைய குழாய்களில் சிவப்பு பாஸ்பர்தான் மற்றவற்றைவிட மந்தமானது. அதனால் சிவப்புத் துப்பாக்கி அதிகம் உழைக்கும், கறையும் அதில்தான் பளிச்சென்று தெரியும். கற்றைகளை வளைக்கும் கம்பிச் சுருளான யோக்கைப் பின்னால் தள்ளினால் நடுவில் ஒரு சிவப்புத் திட்டு மட்டும் மிஞ்சும். கழுத்திலுள்ள காந்த வளையங்களைத் திருப்பி அதை நடுமையத்துக்குக் கொண்டுவந்து, யோக்கை மெல்ல முன்னால் நகர்த்தினால் சிவப்பு விரிந்து ஓரங்களைத் தொடும்.

அப்புறம் கன்வர்ஜென்ஸ். இதற்காகத்தான் நான் இந்த வேலைக்கே வந்தேன் என்று சொன்னால் மிகையில்லை. குறுக்கும் நெடுக்குமான கோடுகளைத் தரும் ஜெனரேட்டரை இணைத்தேன். நடுப்பகுதியை நிலைகாந்தங்களால் சேர்க்கலாம். சிவப்பும் பச்சையும் சாய்வாக நகர்ந்து ஒன்றன்மேல் ஒன்று விழுந்தால் மஞ்சள் கோடு பிறக்கும். அதன்மேல் நீலத்தைக் கொண்டுவந்து வைத்தால் வெள்ளை. நடுப்பகுதி சுலபம். ஓரங்களுக்குக் கற்றை போகும் தூரம் அதிகம், அங்கே மூன்றும் மூன்று திசையில் விலகி நிற்கும். அதற்கென்று ஒரு தனிப் பலகை, அதில் பன்னிரண்டு திருகுகள். மேலும் கீழும் ஆறு, இடமும் வலமும் ஆறு. ஒன்றைத் தொட்டால் இன்னொன்று அசையும். இடது ஓரம் சேர்ந்தால் வலது ஓரம் பிரியும். வலதைச் சேர்க்கப் போனால் நடு கலையும். மறுபடி நிலைகாந்தத்துக்கு வர வேண்டும். முதல் நாள் மூன்று மணி நேரம் போராடித் தொடங்கிய இடத்துக்கே வந்தேன். இரண்டாம் நாள்தான் புரிந்தது, ஒவ்வொரு திருகிலும் முழுமையைத் தேடக் கூடாது. பிழையைப் பாதியாக்கிவிட்டு அடுத்ததற்குப் போக வேண்டும். நாலாவது சுற்றில் பிழை தானாக ஒடுங்கி மூலைகளுக்கு ஓடியது. மூலைகளில் கொஞ்சம் எப்போதும் மிஞ்சும். அந்தக் காலத்துக் கையேடுகளும் அதைச் சாதாரணமாகவே எடுத்துக்கொள்கின்றன.

கடைசியாகச் சாம்பல் நிறம். பின்னால் இருக்கும் சர்வீஸ் சுவிட்சைத் தள்ளினால் படம் சுருங்கி நடுவில் ஒற்றைக் கோடாகும். மூன்று ஸ்கிரீன் கட்டுப்பாடுகளையும் ஒவ்வொன்றாக, அந்த நிறக் கோடு தெரிந்தும் தெரியாமலும் இருக்கும் அளவில் நிறுத்த வேண்டும். இது இருட்டுப் பகுதிகளுக்கு. வெளிச்சப் பகுதிகளை டிரைவ் கட்டுப்பாடுகளில் சமன்படுத்த வேண்டும். நான் இதைக் கறுப்பு வெள்ளைப் படம் ஓட்டித்தான் பார்க்கிறேன். கலர் படத்தில் முகம் கொஞ்சம் சிவந்தால் கண் மன்னித்துவிடும். கறுப்பு வெள்ளையில் ஒரு நிழல் பச்சை தட்டினால் மறைக்கவே முடியாது. சிவப்புத் துப்பாக்கி பல நாள் ஓட்டத்தில் ஓரளவு தேறியிருந்தது. இப்போது இரண்டு நிமிடத்தில் வந்துவிடுகிறது.

ஒளிபரப்பைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. அமெரிக்காவின் முழுத்திறன் நிலையங்கள் 2009 ஜூன் 12 அன்று பழைய அனலாக் ஒளிபரப்பை நிறுத்திவிட்டன. இப்போது பிளேயரின் படத்தைச் சேனல் அலையாக மாற்றும் ஒரு மாடுலேட்டர் வழியாக மூன்றாம் சேனலில் கொடுக்கிறேன். செட்டுக்கு வித்தியாசம் தெரியாது.

கறுப்பு வெள்ளைப் படம் முடிந்து கலர் படம் தொடங்கியபோது கலர் குமிழைக் கொஞ்சம் மட்டும் ஏற்றினேன். ஒரு பெண்ணின் மஞ்சள் உடை, பின்னால் செங்கல் சுவர், மேலே வானம். மூன்று மந்தமான பாஸ்பர்களிலிருந்து வரும் அந்த நிறத்தில் ஒரு கனம் இருக்கிறது. இன்றைய திரைகளில் நான் அதைப் பார்த்ததில்லை. அரை மணி நேரம் எதையும் திருப்பாமல் உட்கார்ந்திருந்தேன்.

மறுநாள் செட்டை மேசையிலிருந்து இறக்கி, அது நிற்க வேண்டிய சுவரோரம் கொண்டுபோய் வைத்தோம். மேசையில் வடக்கு பார்த்திருந்தது, இப்போது கிழக்கு. பூமியின் காந்தம் கற்றைகளை இழுக்கும் திசையும் மாறிவிட்டது. ஏற்றியதும் கீழ் இடது மூலையில் இளஞ்சிவப்பாக ஒரு கறை தெரிந்தது. வளையக் காயிலை எடுத்துவந்தேன். மூன்று சுற்று சுற்றிப் பின்வாங்கினேன். கறை முக்கால்வாசி போய்விட்டது. மீதியைச் செட் நன்றாகச் சூடேறிய பிறகு, இரவில் பார்க்க வேண்டும்.